ஏரி உள்வாய் மரங்களும் ஊரார் உரிமையும்: வேடந்தாங்கலை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

ஊர்ப்பொது நீர்நிலைகளைக் காக்கவும் அழகுபடுத்தவும் நாட்டு மரங்களையும் நீர்த்தாவரங்களையும் நடும் முயற்சி இன்று தமிழகமெங்கும் நடைபெறுகிறது. எம்மரத்தை நடுவது என்ற வினா பலமுறை எழுப்பப்படுகிறது. நட்டவற்றை யார், எவ்வுரிமையின் பேரில் காப்பது என்ற வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. இக்கட்டுரை இரண்டாம் வினாவை வரலாற்றின் வழி அணுகுகிறது. பல்லவர், சோழர் கால ஆவணங்கள் நீர்த்தாவரங்களைப் பற்றித் தரும் செய்திகள், வேடந்தாங்கல் ஏரியின் நீர்க்கடம்பு மரங்களை ஊரார் காத்த முறை, குடிமராமத்தின் தளர்ச்சி, அரசின் கருவேல நடவு ஆகியன இங்கு ஆராயப்படுகின்றன. பயன், உரிமை, பொறுப்பு ஆகிய மூன்றும் ஓரிடத்தில் கூடிய நீர்நிலைகளிலேயே நாட்டுத் தாவரங்கள் நிலைத்தன என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: ஏரி உள்வாய், நீர்க்கடம்பு, வேடந்தாங்கல், கவுல், குடிமராமத்து, ஏரி வாரியம், கருவேலம்.

முன்னுரை

தமிழக நீர்ப்பாசன வரலாறு பெரும்பாலும் கரை, மதகு, தூம்பு, கலிங்கு ஆகிய கட்டுமானங்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. ஏரியை வெட்டியவர் யார், மதகு அமைத்தவர் யார், உடைந்த கரையை அடைத்தவர் யார் என்பவற்றைக் கல்வெட்டுகள் விரிவாகச் சொல்வதால் இது இயல்பே. ஆயினும் மண்ணும் கல்லும் மட்டும் ஏரியாகிவிடுவதில்லை. கரையின் மண்ணைப் பற்றிப் பிடிக்கும் புல், அலையின் வேகத்தைத் தணிக்கும் கோரை, உள்வாயில் நீர் நிற்கும் காலத்திலும் வாடாது நிற்கும் மரம், நீர்ப்பரப்பை மூடும் அல்லியும் தாமரையும் ஆகிய அனைத்தும் சேர்ந்ததே ஊர் ஏரி. இத்தாவரங்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. அவை தாமாக முளைத்தவை என்று கருதி நாம் கடந்து செல்லும் இடங்களில் மனித ஏற்பாடுகள் பல மறைந்துள்ளன.

இன்று தூர்வாரப்படும் குளங்களின் கரைகளில் நடைபாதை அமைத்து, வரிசையாக மரக்கன்றுகளை நட்டு, கம்பி வேலியிட்டு அழகுபடுத்துவது வழக்கமாகியுள்ளது. அவற்றுள் பல அடுத்த கோடையைத் தாண்டுவதில்லை. இதே மண்ணில் இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக ஓர் ஊர் தன் ஏரியின் மரங்களைக் காத்து வந்துள்ளது. செங்கல்பட்டு மாவட்டம் மதுராந்தகம் வட்டத்திலுள்ள வேடந்தாங்கலே அவ்வூர். அங்கு மரங்கள் நிலைத்தது எவ்வாறு என்று வினவுவது இன்றைய முயற்சிகளுக்கும் பயன் தரும்.

ஏரித் தாவரங்களின் அடுக்குகள்

தொண்டை மண்டலத்து ஏரிகள் பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் கரை உடையவை. சரிந்து வரும் நிலத்தின் நீரைப் பிறை வடிவக் கரை தடுத்து நிறுத்துகிறது. கரைக்கு எதிரே நீர் பரவி நிற்கும் ஆழமற்ற பகுதி உள்வாய் எனப்படும். மழைக்காலத்தில் நீரில் மூழ்கியும் கோடையில் வெடித்துக் காய்ந்தும் கிடக்கும் இந்நிலத்தில் எல்லா மரமும் வாழ இயலாது. மாதக்கணக்கில் வேர் நீரில் நின்றாலும் அழுகாத மரமே இங்குப் பிழைக்கும். நீர்க்கடம்பு, மருது, கருவேலம் ஆகியன இத்தகையவை.

கரையின் தேவை வேறு. அங்கு ஆழமாகப் பருத்துச் செல்லும் வேர் தீங்கு பயப்பது. ஆல், அரசு போன்ற பெருமரங்களின் வேர் கரையினுள் சென்று, மரம் பட்டபின் மட்கும்போது, அவ்வழியே நீர் கசிந்து கரை உடைய நேரிடும். ஆகவேதான் நார்வேருடைய பனை கரைகளுக்கு உகந்த மரமாயிற்று. அறுகு முதலிய புல்வகைகள் கரையின் சரிவைப் போர்த்தி மண் கரையாது காத்தன. வரத்துக்கால் ஏரியில் கலக்குமிடத்தில் வளரும் நாணலும் சம்பும் கோரையும் நீரின் வேகத்தைக் குறைத்து வண்டலை அங்கேயே படியச் செய்தன. கோரை பாய் நெய்வோர்க்கும், நாணல் கூரை வேய்வோர்க்கும் பயன்பட்டது. பனை தந்த பயனைச் சொல்ல வேண்டியதில்லை. எனவே ஒவ்வோர் அடுக்கிலும் நீர்நிலைக்கு ஒரு பயனும் ஊராருக்கு ஒரு பயனும் இணைந்திருந்தன. அழகு இவற்றினின்று வேறாகப் பிரித்துக் கருதப்படவில்லை.

செப்பேடும் கல்வெட்டும் தரும் சான்றுகள்

நீர்த்தாவரங்கள் அரசின் கணக்கில் இடம்பெற்றன என்பதற்குப் பல்லவர் செப்பேடுகள் சான்றாகின்றன. அவற்றில் குறிக்கப்பெறும் வரிகளுள் குவளை நடுவரி, குவளைக் காணம் என்பனவும் உள்ளன. குவளையை நடுவதற்கு வரி இருந்தது என்பதிலிருந்து இரு செய்திகள் பெறப்படுகின்றன. ஒன்று, குவளை தானே முளைக்கும் பூவாக மட்டும் இருக்கவில்லை, நீர்நிலைகளில் திட்டமிட்டு நடப்பட்டது. மற்றொன்று, நடும் உரிமை எல்லோர்க்கும் பொதுவாக இருக்கவில்லை, அது அரசின் கட்டுப்பாட்டிற்கு உட்பட்டது.

சோழர் செப்பேடுகளில் இதன் மறுபக்கத்தைக் காணலாம். பிரமதேயமாகவோ தேவதானமாகவோ ஊரை அளிக்கும்போது அவ்வூரார்க்கு வழங்கப்பெறும் பரிகாரங்களின் பட்டியலில், தமநகம், இருவேலி, செங்கழுநீர் முதலியவற்றை நட்டுக்கொள்ளும் உரிமையும் சில செப்பேடுகளில் இடம்பெறுகின்றது. இருவேலி என்பது வெட்டிவேர். மண்ணை இறுகப் பிடிக்கும் அதன் வேரைக் கரைக்காப்பிற்கு இன்றைய பொறியாளரும் பரிந்துரைக்கின்றனர். செங்கழுநீர் குளத்துப் பூ. மாட மாளிகை எடுப்பதும் கிணறு இழிச்சுவதும் எப்படி உரிமைகளாக எண்ணப்பட்டனவோ, அப்படியே இவற்றை நடுவதும் உரிமையாக எண்ணப்பட்டது.

பொறுப்பு யாருடையது என்பதற்கு உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் விடை தருகின்றன. முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த (கி.பி. 919, 921) இக்கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலுக்காகவே பெரிதும் பேசப்படுகின்றன. அவற்றில் சம்வத்சர வாரியத்திற்கும் தோட்ட வாரியத்திற்கும் பன்னிருவர் வீதமும் ஏரி வாரியத்திற்கு அறுவரும் அமர்த்தப்பட்டமை கூறப்படுகிறது. ஏரிக்கென ஒரு வாரியமும் தோட்டத்திற்கென ஒரு வாரியமும் ஒரே சபையின்கீழ் இயங்கியமை நம் பொருளுக்கு இன்றியமையாத செய்தியாகும். இவ்வூரின் ஏரி வைரமேகத் தடாகம் எனப் பெயர் பெற்றிருந்தது. ஓராண்டுக்கு ஒருமுறை மாறும் பொறுப்பாளர், கணக்குக் காட்ட வேண்டிய கடமை, ஏரிக்கென ஒதுக்கப்பட்ட ஏரிப்பட்டி நிலம் ஆகியன சேர்ந்த ஏற்பாட்டில் காவல் தனிமனிதரின் விருப்பத்தைச் சார்ந்திருக்கவில்லை. ஆயினும் பிராமணர் ஊர்ச் சபையின் இவ்வமைப்பில் நிலமற்றோருக்கும் பெண்களுக்கும் இடமில்லை என்பதை மறந்து இதனைப் போற்றுதல் தகாது.

வேடந்தாங்கல்: மரமும் பறவையும் வயலும்

உத்தரமேரூரின் அதே வட்டாரத்தில், எளிய உழவர் ஊரொன்றில், பிற்காலத்தில் உருவான ஏற்பாட்டையே இனிக் காண்போம். வேடந்தாங்கல் என்னும் பெயர் வேடர் வாழ்ந்த ஊர் என்று பொதுவாக விளக்கப்படுகிறது. ஆனால் வடதமிழகத்தில் தாங்கல் என்னும் சொல் நீரைத் தாங்கி நிற்கும் சிறிய ஏரியைக் குறிப்பதாகும். பழவந்தாங்கல் முதலிய பெயர்களிலும் இச்சொல் உண்டு. ஆகவே இவ்வூரின் பெயரிலேயே அதன் ஏரி அடங்கியுள்ளது எனலாம்.

சுமார் 30 ஹெக்டேர் பரப்புடைய இவ்வேரியின் உள்வாயில் நிற்கும் முதன்மையான மரம் நீர்க்கடம்பு. செங்கடம்பு எனவும் இது வழங்கப்பெறும். சரமாகத் தொங்கும் இதன் செந்நிறப் பூக்கள் நீர்மேல் உதிர்ந்து பரவும் காட்சி பலராலும் போற்றப்படுவது. இலக்கியத்தில் வரும் கடம்பு இதுவா, வெண்கடம்பா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. நம் பொருளுக்கு வேண்டுவது இதன் இயல்பே. அடிமரம் நீரில் பல மாதம் மூழ்கியிருந்தாலும் இது தழைத்து நிற்கும். தாழ்வாகப் படர்ந்த கிளைகள் கூடு தாங்க ஏற்றவை. சுற்றிலும் நீர் நிற்பதால் கூட்டிலுள்ள முட்டைக்கும் குஞ்சுக்கும் தரைவழி வரும் பகை குறைவு.

வடகிழக்குப் பருவமழையால் ஏரி நிரம்பியதும் நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், வெள்ளை அரிவாள் மூக்கன், பாம்புத்தாரா, நீர்க்காகம், வக்கா முதலிய பறவைகள் இம்மரங்களில் வந்து கூடுகட்டுகின்றன. இரை தேடி அவை சுற்றுவட்டார ஏரிகளுக்கும் வயல்களுக்கும் செல்கின்றன. மாலையில் கூடு திரும்பும் அவற்றின் எச்சம் ஏரி நீரில் கலக்கிறது. தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகுந்த அந்நீர் மதகு வழியே வயலுக்குப் பாய்கிறது. பல ஊர்களின் நீர்நிலைகளில் சிதறிக் கிடக்கும் வளத்தைத் திரட்டி ஓர் ஊரின் வயலுக்குச் சேர்க்கும் பணியைப் பறவைகள் செய்கின்றன. அதற்கு அவை தங்க இடம் தருவன நீர்க்கடம்பு மரங்கள்.

இந்தத் தொடர்பினை ஊரார் அறிந்திருந்தனர் என்பதே இவ்வரலாற்றின் உயிர்நிலை. விறகுக்காக ஒரு கிளையை வெட்டுபவர் தம் வயலின் எருவை வெட்டுகிறார் என்பது அங்கு அறநெறி மட்டுமன்று, கணக்கும் ஆகும். கோடையில் ஏரி வற்றி மரத்தடிவரை நடந்து செல்லக்கூடிய காலத்திலும் கோடரி படாது மரங்கள் நின்றமைக்கு இதுவே காரணமாகலாம்.

கவுல்: வழக்கம் ஆவணமான வரலாறு

செங்கற்பட்டுப் பகுதி 1763இல் ஆற்காட்டு நவாபால் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக வழங்கப்பட்டது. ஐதர் அலியுடனான போர்களால் இப்பகுதி பெரிதும் சீரழிந்தது. ஏரிகள் பல உடைந்து கிடந்தன. 1794இல் ஜாகீரின் ஆட்சியராகப் பொறுப்பேற்ற லயனல் பிளேஸ் ஏரிகளைச் செப்பனிடுவதில் ஊக்கம் காட்டினார். மதுராந்தகம் ஏரிக்கரையைக் காத்து நின்ற இராம இலக்குவரை அவர் கண்டதாக வழங்கும் கதை, அங்குள்ள ஏரிகாத்த இராமர் கோயிலோடு இணைந்து இன்றும் வழங்குகிறது. நிலவரி விளைச்சலையும் விளைச்சல் ஏரிநீரையும் சார்ந்திருந்ததால், ஏரியைக் காப்பது கம்பெனியின் வருவாயைக் காப்பதாகவும் இருந்தது.

இக்காலத்தில் ஐரோப்பியப் படைவீரர் வேடந்தாங்கலில் பறவைகளைச் சுட்டனர் என்றும், ஊரார் திரண்டு சென்று ஆட்சியரிடம் முறையிட்டனர் என்றும், 18ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் பிளேஸ் அவர்களுக்குக் கவுல் ஒன்று வழங்கினார் என்றும் வனத்துறையின் வரலாற்றுக் குறிப்புகள் கூறுகின்றன. கவுல் என்பது அரசு தன் குடிகளுக்கு எழுதிக் கொடுக்கும் உறுதி ஆவணம். நிலக் குத்தகை, வரித் தள்ளுபடி முதலியவற்றிற்கு வழங்கிவந்த இவ்வாவண வகை இங்குப் பறவைகளையும் அவை தங்கும் ஏரியையும் காக்கும் உரிமைக்குப் பயன்பட்டது. 1858இல் இவ்வுரிமை புதுப்பிக்கப்பட்டது என்றும் அக்குறிப்புகள் கூறும்.

இந்நிகழ்ச்சியைக் கருணையுள்ள ஆட்சியரின் கொடையாகக் கூறுவது வழக்கம். ஆனால் நிகழ்ந்தவற்றின் முறைவைப்பை நோக்கினால் வேறொன்று புலப்படும். காவல் முன்பே இருந்தது. அதனை மீறியவர் ஆளுவோரின் படைவீரர். ஊரார் கேட்டது புதிய சலுகை அன்று, தம் வழக்கத்தை மற்றவரும் மதிக்க வேண்டும் என்னும் எழுத்துறுதியே. உழவரின் எருக்கணக்கும் ஆட்சியரின் வரிக்கணக்கும் ஓரிடத்தில் சந்தித்ததால் அது கிடைத்தது எனக் கருத இடமுண்டு.

குடிமராமத்தின் தளர்ச்சி

கவுல் புதுப்பிக்கப்பட்டதாகக் கூறப்படும் அதே 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. ஏரி, கால்வாய்ப் பணிகளில் ஊரார் செய்துவந்த குடிமராமத்தை இச்சட்டம் தண்டனைக்குரிய கடமையாக்கியது. ஒப்பிட்டு நோக்கத்தக்க இரு போக்குகள் இவை. வேடந்தாங்கலில் ஊராரின் உரிமை எழுத்தில் உறுதியாயிற்று. மாகாணத்தின் பிற ஊர்களில் ஊராரின் கடமை மட்டும் எழுத்தில் ஏறிற்று. ஏரிப் பணிக்கென முன்பு விளைச்சலில் ஒதுக்கப்பட்ட பங்கும் மானியங்களும் வருவாய்ச் சீர்திருத்தங்களால் குறைந்துபோயின. பயனும் உரிமையும் அகன்றபின் எஞ்சிய கடமையைச் சட்டத்தால் நிலைநிறுத்த இயலவில்லை.

கவனிப்பற்ற உள்வாய்களில் அயல்தாவரங்கள் குடியேறின. 1870களில் விறகுக்காகவும் வறண்ட நிலத்தைப் பசுமையாக்கவும் சென்னை மாகாணத்தில் கொணரப்பட்ட சீமைக்கருவேலம் காலப்போக்கில் கண்மாய்களையும் வரத்துக்கால்களையும் அடைத்தது. தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட ஆகாயத்தாமரை நீர்ப்பரப்புகளை மூடியது. அழகிய ஊதாப் பூவிற்காக மனிதரால் நாடு நாடாகப் பரப்பப்பட்ட செடி அது. அழகுபடுத்துதல் என்னும் நோக்கம் மட்டும் தனித்து நின்றால் நேரும் தீங்கிற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அரசு நட்ட கருவேலம்

விடுதலைக்குப்பின் ஏரி உள்வாய்களில் மரம் வளர்க்கும் பணியை வனத்துறை மேற்கொண்டது. சுவீடன் நாட்டு உதவியுடன் 1981 முதல் நடைபெற்ற சமூகக் காடுகள் திட்டத்தில் ஏரிகள் பலவற்றில் கருவேலம் நடப்பட்டது. கருவேலம் நாட்டு மரமே. சீமைக்கருவேலத்தோடு பெயரொப்புமையால் அதனை மயங்குதல் கூடாது. நீர் தேங்கினும் தாங்கும் இயல்பும் உழவுக்கருவிகளுக்கேற்ற வலிய கட்டையும் உடையது. கூந்தன்குளம் முதலிய இடங்களில் பறவைகள் இம்மரத்தில் கூடுகட்டி வாழ்கின்றன.

ஆயினும் இந்நடவின் அடிப்படை நோக்கம் விறகு. குறித்த ஆண்டுகள் வளர்ந்தபின் மரங்கள் ஏலம் விடப்படும். வருவாயில் ஊராட்சிக்கும் பங்கு உண்டு. இம்முறையில் மரத்தின் பயன் அது வெட்டப்படும் நாளில் தோன்றுகிறது. வேடந்தாங்கலில் மரத்தின் பயன் அது நின்றுகொண்டிருக்கும் நாளெல்லாம் தோன்றுகிறது. இரண்டும் நாட்டு மரங்களே. ஒன்று வெட்டுவதற்காகக் காக்கப்படுகிறது, மற்றொன்று வெட்டாமையால் பயன் தருகிறது. எனவே நாட்டு மரம், அயல் மரம் என்னும் பாகுபாடு இன்றியமையாததாயினும் அது மட்டும் போதுவதன்று.

ஊராரின் காவல் வேடந்தாங்கலுக்கு மட்டும் உரியதும் அன்று. சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிப் பறவைகள் காப்பகத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி மக்கள் பறவைகள் அஞ்சும் என்பதற்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதைத் தவிர்த்து வருகின்றனர். திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம் 1994இல் காப்பகமாக அறிவிக்கப்படுவதற்கு முன்பே அவ்வூரார் பறவைகளைத் தம் ஊரின் உறவாகக் கருதிப் பேணினர்.

காப்பகமான பின்

வேடந்தாங்கல் 1936இல் காப்பகமாக ஏற்கப்பட்டது. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலும் பின்னர்க் கிடைத்தது. 1998இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் ஆரத்திற்குட்பட்ட நிலப்பகுதி காப்பக எல்லைக்குள் கொணரப்பட்டது. 2022இல் வேடந்தாங்கலும் அண்மையிலுள்ள கரிக்கிலியும் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றன. வனத்துறை ஏரியினுள் மண்திட்டுகள் அமைத்து நீர்க்கடம்பும் கருவேலமும் நட்டுள்ளது.

சட்டக் காவல் வலுப்பெற்றது நன்று. ஆயினும் 2020இல் 5 கிலோமீட்டர் எல்லையை 3 கிலோமீட்டராகக் குறைக்கும் முன்மொழிவு எழுந்தமையும் அதற்குக் கடும் எதிர்ப்புத் தோன்றியமையும் ஆணையால் விரிந்த எல்லை ஆணையாலேயே சுருங்கக்கூடும் என்பதை உணர்த்தின. பறவைகள் இரை தேடுவது ஏரிக்கு வெளியே உள்ள நிலத்தில்தான். அந்நிலம் மாறுமாயின் நீர்க்கடம்பு நிற்கும், கூடு இராது. கூடு இல்லாத மரத்தைக் காக்க உழவர்க்கு முன்னோரிடமிருந்த காரணமும் இராது. செயற்கை உரத்தின் வரவால் பறவை எருவின் தேவை உழவரிடையே குறைந்துவரும் இக்காலத்தில் இது எண்ணத்தக்கது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன.

1. நீர்நிலைத் தாவரங்கள் தமிழக வரலாற்றில் வெறும் இயற்கைப் பின்புலமாக இருக்கவில்லை. குவளை நடுவரி முதல் செங்கழுநீர் நடும் பரிகாரம் வரை அவை வரிக்கும் உரிமைக்கும் உரிய பொருளாக இருந்தன.

2. உள்வாய்க்கும் கரைக்கும் வரத்துக்காலுக்கும் உகந்த தாவரங்கள் வேறு வேறு. எல்லா இடத்திலும் ஒரே மரத்தை வரிசையாக நடுவது இவ்வறிவுக்கு முரணானது.

3. வேடந்தாங்கலின் நீர்க்கடம்பு நிலைத்தமைக்குப் பயன், எழுத்துவழி உரிமை, ஊர்ப்பொறுப்பு என்னும் மூன்றும் கூடியதே காரணம். கடமையை மட்டும் வற்புறுத்திய 1858ஆம் ஆண்டுச் சட்டம் அத்தகைய பயன் தரவில்லை.

4. இன்று குளங்களை நாட்டுத் தாவரங்களால் அணிசெய்ய முனைவோர், கன்றுகளின் பட்டியலோடு ஓர் உரிமைப் பட்டியலையும் வகுத்தல் வேண்டும். கோரை அறுப்போர் யார், தாமரை பறிப்போர் யார், பனையின் பயன் யாருக்கு, கிளை வெட்டுவோரைத் தடுக்கும் அதிகாரம் யாருக்கு என்பன ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்யப்பட்டு எழுத்தில் பதியப்படல் வேண்டும். பழைய சபைகள் விலக்கி வைத்த நிலமற்றோரும் பெண்களும் இம்முடிவில் முதலிடம் பெறுதல் வேண்டும். கோரையையும் பூவையும் விறகையும் நாடி அன்றாடம் நீர்நிலைக்குச் செல்வோர் அவர்களே.

இரு நூற்றாண்டுகளுக்கு முன் வேடந்தாங்கல் உழவர் ஆட்சியரிடம் மரக்கன்று கேட்கவில்லை. மரம் அவர்களிடம் இருந்தது. தம் காவலை மதிக்கும் ஓர் எழுத்தையே கேட்டனர். இன்று கன்றுகள் தாராளமாக வழங்கப்படுகின்றன. அவ்வெழுத்தே இன்னும் வழங்கப்படாதிருக்கிறது.